துப்பாக்கியோடு நடந்த கணவரைப் போலீஸ் நிறுத்தி அடையாளம் கேட்டது: அவசர ஆலோசனை வேண்டும்

புதுக்குடித்தனம்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்கா வந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. நேற்று மாலை என் கணவர் எங்கள் அப்பார்ட்மெண்டை ஒட்டிய ஏரிக்கரைப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது, அவர் இடுப்பில் உறையிலிட்ட கைத்துப்பாக்கி இருப்பதைக் கண்டு யாரோ 911 அவசர உதவி எண்ணை அழைத்துவிட்டார்கள். இரண்டு போலீஸ் கார்கள் வந்தன. கைகளை உயர்த்தச் சொல்லித் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு, டிரைவிங் லைசென்ஸைப் படம் எடுத்த பிறகு, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இங்கே துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்திருப்பது சட்டப்படி சரிதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியிருக்கும்போது அடையாள அட்டை கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா? இன்று காலை ஓர் அதிகாரி, ஒருமுறை நேரில் வந்து பேசிவிட்டுப் போகும்படி வாய்ஸ்மெயில் விட்டிருக்கிறார். மதியம் போய் விளக்கிவிட்டு வருகிறேன் என்கிறார் கணவர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஹூஸ்டன் அண்ணாச்சி:

தங்கச்சி, அவர்களுக்கு அந்த உரிமை இல்லை. டெக்சாஸில் 2016 ஜனவரி முதல் உரிமம் பெற்றவர்களும், 2021 செப்டம்பர் முதல் உரிமம் இல்லாமலே 21 வயது நிரம்பியவர்களும் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு வெளிப்படையாக எடுத்துச் செல்லலாம். சட்டம் அனுமதித்ததைச் செய்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை நிறுத்திவைக்க முடியாது. ஒஹாயோவின் டொலீடோ நகரில் மனைவியோடும் பேரனோடும் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த ஒருவரை, இடுப்பில் துப்பாக்கி தெரிந்தது என்பதற்காக விலங்கு மாட்டிக் காரில் உட்கார வைத்தார்கள். அவர் தொடுத்த வழக்கில், துப்பாக்கி தெரிவது மட்டுமே குற்றச் சந்தேகத்துக்குப் போதுமான காரணமாகாது என்று 2015-இல் ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1979-இல், எல் பாசோவில் பெயர் சொல்ல மறுத்து நின்ற ஒருவரின் வழக்கில், நியாயமான சந்தேகம் இல்லாமல் அடையாளம் கேட்டு வற்புறுத்தக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. நான் வந்த புதிதில், இரவுப் பணிக்காகப் பஸ் நிறுத்தத்தில் நின்றதற்கே என்னை விசாரிப்பார்கள். நானும் பாஸ்போர்ட் முதற்கொண்டு எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுவேன். அப்படிக் காட்டிக் காட்டியே நம்மவர்கள் இளக்காரமாகிவிட்டார்கள். உங்கள் கணவர் தலை நிமிர்ந்து போய்ப் பேசிவிட்டு வரட்டும்.

ஸ்காபரோ வாசன்:

ஹூஸ்டன் அண்ணாச்சி சொல்வதைக் கேட்டு யாரும் தெருவில் நின்று பொலிசாரோடு சட்டம் பேச வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கொழும்பில் சோதனைச் சாவடிக்குச் சோதனைச் சாவடி அடையாள அட்டையை நீட்டி வளர்ந்தவர்கள் நாங்கள். கேட்டால் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இங்கே கனடாவில் சாதாரண மனிதர் ஒருவர் இடுப்பில் கைத்துப்பாக்கியுடன் நடைபயிலுவதை நினைத்தும் பார்க்க முடியாது. 2022 ஒக்ரோபர் 21 தொடக்கம் கைத்துப்பாக்கிகளை வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதுமே நாடு முழுவதும் நிறுத்தப்பட்டிருக்கிறது. குடும்பத்தோடு நிம்மதியாக இருக்க வேண்டுமென்றால் வடக்கே வந்துவிடுங்கள். ஆனால் எங்கள் முதற் குளிர்காலத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். வேலை தேடி அலைந்த அந்த மாதங்களில், பேருந்துச் சீட்டுக்குக் கணக்குப் பார்த்து நடந்தே திரிந்தோம்.

எடிசன் மீனா:

நடக்கப் போனவரை நிறுத்துவது துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. 2015 பிப்ரவரியில், பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து அலபாமாவின் மாடிசன் நகரத்துக்கு வந்திருந்த 57 வயதுப் பெரியவர், மகன் வீட்டுத் தெருவில் வெறுங்கையோடு நடந்துகொண்டிருந்தார். சந்தேகப்படும்படி ஒருவர் திரிகிறார் என்று அக்கம்பக்கத்தார் அழைக்க, போலீஸ் வந்து கேள்வி கேட்டது. ஆங்கிலம் தெரியாததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. தரையில் வீழ்த்தப்பட்டதில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு அவருடைய உடல் பகுதியாகச் செயலிழந்தது. வீழ்த்திய அதிகாரி பின்னர் விடுவிக்கப்பட்டார். அந்தச் செய்திக்குப் பிறகுதான், என் மாமியார் இங்கே வந்தபோது, எங்கள் முகவரியும் இருவரின் தொலைபேசி எண்களும் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டு நடக்க அனுப்பினேன். புதிதாக வந்த எல்லாரும் பெற்றோருக்கு இதைச் செய்து கொடுங்கள்.

கோவைக்காரன்:

மீனா அக்கா சொல்வது உண்மைதான், ஆனால் கேட்ட கேள்வி அதுவல்லவே. தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கியைக்கூடக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கும் ஊரிலிருந்து வந்த நமக்கு, காய்கறி வாங்கப் போகும் இடத்தில் பக்கத்தில் நிற்பவர் இடுப்பில் துப்பாக்கி தெரிந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்த கறுப்பின இளைஞர் ஒருவர், 2016 ஜூலையில் மினசோட்டாவில் காரை நிறுத்திய அதிகாரியிடம், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே மரியாதையாகச் சொன்னார். அடுத்த சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏட்டில் உள்ள உரிமையும் தெருவில் கிடைக்கும் உரிமையும் எல்லோருக்கும் ஒன்றல்ல. இதற்கு மேல் என்ன சொல்வது? பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பயிற்சி கொடுக்கும் நாட்டில் வீட்டுக்கடன் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஹூஸ்டன் அண்ணாச்சி:

பிடிக்காதவர்கள் திரும்பிப் போகலாமே, தம்பி. விமானம் தினமும் இருக்கிறது.

எடிசன் மீனா:

இதோ, ஆரம்பித்துவிட்டார்.

விசா கோப்பு:

பெரியவர்கள் சண்டையைச் சற்று நிறுத்தி வையுங்கள். நான் குடியேற்ற வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன், வழக்கறிஞர் அல்ல. சகோதரி, நீங்கள் எந்த மாநிலம் என்று சொல்லவில்லை, டெக்சாஸ் என்று அண்ணாச்சியே முடிவு செய்துகொண்டார். இல்லினாயில் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்வதே குற்றம். அதைவிட முக்கியமாக, உங்கள் கணவர் எந்த விசாவில் இருக்கிறார், அவரிடம் வேட்டை உரிமம் ஏதாவது உண்டா, அந்தத் துப்பாக்கி யாருடையது? அதிகாரிக்கு இன்னும் திருப்பி அழைக்கவில்லையே?

புதுக்குடித்தனம்:

டெக்சாஸ்தான். எச்-1பி வேலை விசா. வேட்டை உரிமமெல்லாம் இல்லை. துப்பாக்கி, அவரோடு வேலை செய்யும் அமெரிக்க நண்பருடையது. விடுமுறைக்குப் போகும்போது பத்திரமாக வைத்திருக்கும்படி கொடுத்துவிட்டுப் போனார். ஏரிக்கரையில் பாம்பு, நரி வரும் என்று இவர் அதை மாட்டிக்கொண்டு போனார். இன்னும் திருப்பி அழைக்கவில்லை. விசாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

விசா கோப்பு:

தொடர்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. டெக்சாஸ் சட்டம் எதை அனுமதித்தாலும், நாடு முழுவதற்குமான ஃபெடரல் சட்டப்படி எச்-1பி, எல்-1 (நிறுவன இடமாற்றம்), எஃப்-1 (மாணவர்), எச்-4 (எச்-1பியில் இருப்பவரின் குடும்பத்தினர்) போன்ற தற்காலிக விசாக்களில் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியையோ அதன் தோட்டாக்களையோ வைத்திருக்கக்கூடாது. சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல, பிறருடையதைக் கையில் வைத்திருப்பதும், ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதற்குள் அடங்கும். அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. 2022-இல் திருத்திய பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுகள். உரிமம் இல்லாமல் எடுத்துச் செல்லலாம் என்ற டெக்சாஸ் சட்டமும், துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவர்களுக்கு மட்டுமே அந்த வசதியைத் தருகிறது. ஆகவே அவர்கள் ஐடி கேட்டது சரியா என்பதைவிட, அந்த ஐடியை வைத்துக்கொண்டு இப்போது எதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே உங்களைப் பாதிக்கும்.

கோவைக்காரன்:

அப்படியானால் இன்றைக்கே இணையத்தில் ஒரு வேட்டை உரிமம் வாங்கிவிட்டால் முடிந்ததல்லவா? சில மாநிலங்களில் வெளியூர்க்காரர்களுக்கும் உடனே கொடுக்கிறார்கள்.

விசா கோப்பு:

தயவுசெய்து வேண்டாம். இன்று வாங்கும் உரிமம் நேற்று மாலை நடந்ததைச் சரிசெய்யாது. போலீஸ் அழைத்த பிறகு அவசரமாக அதை வாங்கியது, தடை இருப்பது முன்பே தெரியும் என்பதற்குச் சான்றாகக்கூட மாறலாம். புளோரிடாவில் மாணவர் விசா நிலையை இழந்திருந்த ஒருவர் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போன வழக்கில், துப்பாக்கி வைத்திருந்ததோடு, தடைக்குக் காரணமான தம் விசா நிலையையும் அவர் அறிந்திருந்தார் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் தெரியாது என்பது இதில் உதவாது. தாம் எச்-1பியில் இருக்கிறோம் என்பது எவருக்கும் தெரிந்த ஒன்றுதானே. உங்கள் கணவர் போய் நல்ல எண்ணத்தோடு பேசப்போகும் முதல் இரண்டு வாக்கியங்களே அரசுத் தரப்பின் வேலையை முடித்துக் கொடுத்துவிடும். அதனால்தான் மதியம் தனியாகப் போக வேண்டாம் என்கிறேன்.

ஹூஸ்டன் அண்ணாச்சி:

நான் குடியுரிமை பெற்ற பிறகே துப்பாக்கி வாங்கியவன். விசாவில் இருப்பவர்களின் நிலை எனக்குத் தெரியாது. ஆனாலும் நிறுத்தியதே தவறென்றால் பின்னால் வந்ததெல்லாம் நிற்காது என்று என் வாதத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விசா கோப்பு:

அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. நிறுத்தியது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் கருதினால் அதன் வழியாகக் கிடைத்த சான்றுகளை ஒதுக்கக் கோரலாம். ஒரு கிரிமினல் வழக்கறிஞர் முதலில் பார்ப்பதே அதுவாக இருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்ன டொலீடோ தீர்ப்பு அந்த ஆறாவது சர்க்யூட்டில் அடங்கும் ஒஹாயோ, மிச்சிகன், கென்டகி, டென்னசி ஆகிய மாநிலங்களைக் கட்டுப்படுத்துமே தவிர டெக்சாஸைக் கட்டுப்படுத்தாது. டெக்சாஸில் கைது செய்யப்படாத ஒருவர், அதுவும் நடந்து போகிறவர், பெயர் சொல்ல மறுப்பது மட்டும் குற்றமாகாது; பொய்ப் பெயர் சொன்னால் குற்றம். காரில் நிறுத்தப்பட்டால் விதி வேறு. இன்னொன்றையும் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்: 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை, அதாவது கிரீன் கார்டையோ ஐ-94 என்ற வருகைப் பதிவுப் படிவத்தையோ, எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய ஃபெடரல் சட்டம். நடைபயிற்சிக்கும் அதில் விலக்கில்லை.

சகோதரி, இப்போது செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். அதிகாரிக்கு உங்கள் கணவர் பதில் அழைப்பு விடுக்க வேண்டாம். வழக்கறிஞர் அழைத்துப் பேசுவார். கிரிமினல் வழக்கறிஞர் ஒருவரையும், அவரோடு கலந்து பேசக்கூடிய குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் இன்றே தொலைபேசியிலாவது பிடியுங்கள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு உள்ளவரையே நாடு கடத்த முடியும் என்பதால், சின்னக் குற்றமாக ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும், குடியேற்ற விளைவை எழுத்தில் கேட்காமல் சம்மதிக்கக் கூடாது. நாடு கடத்தப்படும் ஆபத்தைக் கட்சிக்காரருக்குச் சொல்வது கிரிமினல் வழக்கறிஞரின் கடமை என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. துப்பாக்கியை உங்கள் கணவர் இனித் தொட வேண்டாம், ஒளித்தும் வைக்க வேண்டாம், காரில் ஏற்றிக்கொண்டு போய் நண்பர் வீட்டில் போட்டுவிட்டும் வர வேண்டாம். யார், எப்படி அதை எடுத்துப் போவது என்பதே வழக்கறிஞரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நீங்கள் எச்-4இல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் நீங்களும் தொடக்கூடாது. தடை உள்ளவர் என்று தெரிந்தே துப்பாக்கி கொடுப்பதும் குற்றம் என்பதால், அந்த நண்பருக்கு இதுபற்றி வாட்ஸப் அனுப்பாதீர்கள்.

எடிசன் மீனா:

பணம் பற்றிக் கவலை இருந்தால், கணவரின் நிறுவனத்தில் ஊழியர்களுக்கான சட்ட உதவித் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள் அம்மா. சில நிறுவனங்களில் சம்பளத்தில் சிறு தொகை பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். அதில் கிரிமினல் வழக்கு சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விசா கோப்பு:

பார்க்கலாம், ஆனால் மனிதவளத் துறையிடம் நடந்ததைச் சொல்லிக் கேட்காமல், திட்டத்தின் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞர் முதலில் நிறுவனத்தின் நலனைப் பார்ப்பவர். இதற்குத் தனியாக ஒருவர் வேண்டும்.

புதுக்குடித்தனம்:

ஒரு கிரிமினல் வழக்கறிஞர் மாலை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். கணவரை அலுவலகத்திலிருந்து நேரே அங்கே வரச் சொல்லிவிட்டேன். அதிகாரியின் வாய்ஸ்மெயிலை அழித்துவிடலாமா? கையில் எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும்?

விசா கோப்பு:

அழிக்க வேண்டாம், அதை வழக்கறிஞர் கேட்க வேண்டும். இருவரின் பாஸ்போர்ட், ஐ-797 ஒப்புதல் கடிதம், ஐ-94 அச்சுப்படி, டிரைவிங் லைசென்ஸ் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நேற்று எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள், என்ன கேட்டார்கள், இவர் என்ன பதில் சொன்னார், போகலாம் என்று எப்போது சொன்னார்கள் என்பதைக் கணவர் நினைவில் உள்ளபடி, வழக்கறிஞருக்கு என்று தலைப்பிட்டுத் தாளில் எழுதிக்கொள்ளட்டும். அதிகாரிகளின் உடல் கேமராப் பதிவைக் கேட்டு வாங்க வழக்கறிஞருக்கு அந்த நேரக் குறிப்பு உதவும். இங்கே இனி எதையும் எழுதாதீர்கள்.