ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு தங்கைக்கு வைட்டமின் டி குறைந்த அனுபவம்

ரத்தப் புற்றுநோய்க்காக என் தங்கைக்கு, ரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்களை இன்னொருவரிடமிருந்து பெற்றுச் செலுத்தும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நடந்தது; செல்களைக் கொடுத்தவன் நான். சிகிச்சைக்கு முன் எடுத்த பரிசோதனையில் அவளுடைய வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம் என்று வந்தது. பொதுவாக 20-க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்கிறார்கள். தண்டையார்பேட்டையில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் கீமோதெரபி காலம் முழுவதும் அறைக்குள்ளேயே கிடந்தவளுக்கு அது எங்கே கிடைத்திருக்கும்?

வைட்டமின் டி எலும்போடு நோயெதிர்ப்புச் செல்களின் வேகத்தையும் கட்டுப்படுத்துகிறது என்று மருத்துவர் விளக்கினார். அளவு குறைந்தவர்களுக்கு, கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலையே தாக்கும் ஜிவிஎச்டி அதிகம் வந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சிலவற்றில் அத்தொடர்பு தென்படவில்லை. ஆகவே இதை உயிர்காக்கும் மருந்தாக எண்ண வேண்டாம் என்றும், குறையை மட்டும் கட்டாயம் சரிசெய்ய வேண்டும் என்றும் அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது.

வீடு திரும்பியதும், காலை வெயிலில் மொட்டை மாடியில் உட்கார வைக்கும்படி அத்தை சொன்னார். அன்பினால் சொன்னதுதான், ஆனால் வெயில் தோலில் ஜிவிஎச்டியைத் தூண்டக்கூடும் என்பதால் அவளை வெளியே விடவில்லை. காசிமேட்டு மத்தியை நன்றாக வேகவைத்துக் கொடுத்தோம், அதில் வைட்டமின் டி உண்டு. இருந்தாலும் இவ்வளவு பெரிய பற்றாக்குறையை உணவால் மட்டும் ஈடுகட்ட முடியாது.

பிறகு குடலில் ஜிவிஎச்டி வந்து வயிற்றுப்போக்கு நிற்காமல் போனபோது, வாரந்தோறும் 60,000 யூனிட் சாஷே கொடுத்தும் அளவு ஏறவில்லை, மாறாக இறங்கியது. ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கு வைட்டமின்களும் கொழுப்போடு சேர்ந்தே உறிஞ்சப்படுபவை என்பதால், புண்பட்ட குடலில் அவை தங்காமலே வெளியேறிவிடுகின்றன. அதே நேரத்தில் ஜிவிஎச்டிக்குக் கொடுத்த ஸ்டீராய்டு எலும்பை அரித்துக்கொண்டிருந்தது. எனக்கு மிகுந்த அச்சம் தந்த காலம் அதுதான்.

பதற்றத்தில் மருந்துக்கடைக்குப் போய் நாமாகவே மாத்திரையைக் கூட்டிவிடத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டி மிகுந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். மாற்று சிகிச்சைக்குப் பின் நோயெதிர்ப்பை அடக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தை எடுப்பவர்களின் சிறுநீரகம் ஏற்கெனவே சுமை தாங்கிக்கொண்டிருக்கிறது. ஏ மிகுந்தால் கல்லீரல் பாதிக்கப்படும். தங்கைக்குக் கால்சியத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்த்துப் பார்த்தே மருத்துவர் அளவை மாற்றினார். குடல் ஆறிய பிறகுதான் வைட்டமின் டி 30-ஐத் தாண்டியது. வயிற்றுப்போக்கு தொடங்கினால், அடுத்த வழக்கமான பரிசோதனை வரை காத்திராமல் வைட்டமின் அளவை உடனே பார்க்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.