மறு: மறு: ரிலீஸ் பென் – ‘விடுவிப்புக் கூண்டு’ போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ‘ரிலீஸ் பென்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தேன். வந்த யோசனைகளுக்கு என் மறுமொழி இது.

> பென் என்றால் கூண்டு, ரிலீஸ் என்றால் விடுவிப்பு. விடுவிப்புக் கூண்டு என்று போட்டுவிட்டுப் போகலாமே ஐயா, இதில் என்ன சிக்கல்?

சிக்கல் கூரையில் இருக்கிறது. கூண்டுக்கு மூடி உண்டு, இதற்கு இல்லை.

நான் மொழிபெயர்க்கும் கட்டுரை பிரிட்டனில் துப்பாக்கி வேட்டைக்காக ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவையை வளர்ப்பதைப் பற்றியது. ஆறு முதல் எட்டு வாரக் குஞ்சுகளை ஜூலை, ஆகஸ்டு வாக்கில் காட்டுக்குள் கொண்டுபோய், ஆளுயரத்துக்கு மேல் கம்பிவலை கட்டிய அடைப்பில் விடுகிறார்கள். நரி தோண்டி நுழையாதபடி வலையின் அடியை வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் பதிக்கிறார்கள். அதற்கும் வெளியே மின்வேலி. உள்ளே புதர், வெயில் காய வெட்டவெளி, இரவில் ஏறி அடையத் தாழ்ந்த கிளைகள், தீனி, தண்ணீர். வந்த அன்றே பறந்துவிடாமல் இருக்க ஒரு பக்க இறக்கையில் சில இறகுகளை நறுக்கிவிடுவதும் உண்டு. இறகு வளர வளரக் குஞ்சுகள் வேலியைத் தாண்டி வெளியே மேயப் போகும், தீனிக்கும் பாதுகாப்புக்கும் திரும்பி வரும். அக்டோபர் 1-ல் வேட்டைக்காலம் தொடங்குவதற்குள் அவை காட்டோடு பழகிவிட வேண்டும் என்பது கணக்கு.

பகலில் வெளியே போய் மேய்ந்து, பொழுது சாய வேலிக்குள் வருவதை நம் ஊரில் என்னவென்று சொல்வோம்? பட்டி. ஆட்டுப்பட்டிக்கும் கூரை கிடையாது.

அளவையும் பாருங்கள். அங்கே வேட்டைப்பறவை ஆய்வு நடத்தும் ஓர் அறக்கட்டளை தந்திருக்கும் வழிகாட்டுதல், ஒரு ஹெக்டேர் அடைப்புக்கு 1000 ஃபெசன்டுக்கு மேல் கூடாது என்கிறது. தொன்மையான இயற்கைக் காடாக இருந்தால் 700. ஒரு ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். இரண்டரை ஏக்கரில் கூண்டா? ‘கூண்டு ஒன்றுக்கு 1000 பறவை’ என்று எழுதிப் பார்த்தேன். பிராய்லர் பண்ணைக் கொடுமையைப் பற்றிய வரி போல ஆகிவிட்டது.

> ‘கிடை’ இன்னும் அழகாக இருக்குமே?

அழகுதான், ஆனால் பொருள் தலைகீழாகிவிடும். ஆட்டை வயலில் அடைத்துக் கிடை போடுவதே எருவுக்காக, அதனால்தான் வயல் வயலாக மாற்றுகிறோம். இங்கே எச்சம்தான் தொல்லை. பறவை நெருக்கம் மிகுந்தால் மண்ணில் சத்து ஏறி, காட்டுத்தரையின் பழைய செடிகள் அழிந்து களைகள் எழும்புகின்றன. ஒரே இடத்தில் ஆண்டுதோறும் அடைத்தால் மூச்சுக்குழல் புழுவின் முட்டைகள் மண்ணில் சேர்ந்து, மண்புழு வழியாகக் குஞ்சுக்குப் போய், அது கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறும். இந்த நோய்க்கும் ஒரு சொல் வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

‘விடுபட்டி’ என்று ஒருவர் தந்ததை இரண்டு நாள் நாவில் உருட்டிப் பார்த்தேன். கண் அதை ‘விடுபட்ட’ என்றே படிக்கிறது, அச்சுப்பிழை என்று யாராவது திருத்திவிடுவார்கள். எனவே என் முன்மொழிவு: பழகுபட்டி. ஊறுகாய் போல வினைத்தொகை. பழகிய, பழகுகிற, பழகும் என மூன்று காலத்துக்கும் இந்த வேலிக்குள் இடமிருக்கிறது.

வலைக்கு வெளியே நடந்து வரும் குஞ்சு உள்ளே திரும்ப, அடியில் கூம்பு வடிவ வழி வைப்பார்கள். வெளிவாய் அகலம், உள்வாய் குறுகல். நுழையலாம், வந்த வழியே திரும்ப முடியாது. மீன் பிடிக்கும் பறியை அறிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ‘பறிவாய்’ என்று வைக்கிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து

---

அண்ணா, பழகுபட்டி எனக்குப் பிடித்திருக்கிறது. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். பாலக்காட்டு எல்லையில் பிறந்தவள் என்பதால் முதல் தடவை படித்தபோது பழகிய நாய் ஒன்று வாலாட்டியது, அவ்வளவுதான்.

இரண்டு தடைகள். உங்கள் கட்டுரையில் கௌதாரியும் வருமே? செங்கால் கௌதாரிக்கு அவர்கள் வைப்பது மேலே வலை மூடிய சிறிய அடைப்பு. கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, சிலவற்றை உள்ளேயே நிறுத்திக்கொள்வார்கள். உள்ளே இருப்பவை கூவ, வெளியே போனவை தொலைவுக்குப் போகாது. அதற்குக் கூண்டு என்பதே சரி. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, 2022-ல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்த சிவிங்கிப்புலிகளையும் முதலில் அடைப்பில் வைத்துத்தானே பழக்கினார்கள்? அதுவும் பழகுபட்டியா? புலியைப் பட்டியில் அடைத்தால் ஆடு சிரிக்கும்.

---

தங்கைக்கு,

கௌதாரி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. ‘பழகுகூண்டு’ என்று தனிப்பதிவு போடுகிறேன். உள்ளே நின்று கூவுவதை ‘அழைகௌதாரி’ எனலாம். சங்க காலத்து வேடர் கட்டிவைத்த பழக்கிய விலங்குக்குப் ‘பார்வை’ என்று பெயர், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று ‘பார்வைக் கௌதாரி’ என்றால் கண் மருத்துவரிடம் போவார்கள். அதோடு அந்தப் பார்வை காட்டு விலங்கைப் பிடிக்க வைத்தது, இது விட்டதைத் தங்கவைக்க.

சிவிங்கிப்புலிக்குப் ‘பழகடைப்பு’ என்று பொதுச்சொல் வைத்துக்கொள்வோம். பட்டி, கூண்டு இரண்டும் அதன் வகைகளாக இருக்கட்டும்.

பட்டிக்காக இன்னொரு வார்த்தை. அடங்காமல் திரியும் மாட்டையும் ‘பட்டிமாடு’ என்கிறோம். அடைக்கும் இடத்துக்கும் திரியும் மாட்டுக்கும் ஒரே சொல். அந்நாட்டுச் சட்டத்திலும் ஃபெசன்டுக்கு அதே இரட்டை வாழ்வு. மனிதர் கட்டுப்பாட்டில் இருக்கும்வரை வளர்ப்புயிர், 2006-ன் விலங்குநலச் சட்டம் அதற்குப் பொருந்தும். விடுபட்டுத் திரியத் தொடங்கினால் காட்டுப்பறவை.

ஃபெசன்டை ஃபெசன்ட் என்றே விட்டிருக்கிறேன். செம்போத்துக்கு ஆங்கிலத்தில் காக்கை ஃபெசன்ட் என்று ஒரு பழைய பெயர் இருந்ததை நம்பி, சிலர் ஃபெசன்டைச் செம்போத்து ஆக்கிவிடுகிறார்கள். செம்போத்து குயில் குடும்பம், இது கோழி இனம்.

‘வேட்டைப்பறவை’ மட்டும் இன்னும் உறுத்துகிறது. முதல் மடலில் நானே பயன்படுத்திவிட்டேன். வேட்டைநாய் வேட்டையாடும் நாய் என்றால், வேட்டைப்பறவை வல்லூறு அல்லவா? சுடப்படும் பறவைக்கு வேறு சொல் கிடைக்கும்வரை கலைச்சொல் பட்டியலில் அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.