எல்லாம் ஒன்றாக நின்றுபோனால்? நேரில் பார்த்த தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் எழுதுங்கள்

கரண்ட், கடை, பெட்ரோல் பங்க், செல்போன், போலீஸ் எதுவும் இல்லாமல் போனால் எப்படிப் பிழைப்பது என்று யோசிக்கிறவர்கள் கொரோனாவுக்கு அப்புறம் அதிகமாகிவிட்டார்கள். யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் வீடியோ பார்த்துத் தயாராகிறவர்கள் வாங்கி வைக்கும் சாமான்களைப் பார்த்தால் பாதி பனி பெய்கிற ஊருக்கானது. நம் ரெண்டு மாவட்டத்தில் முதலில் எது அறுந்துபோகும், எது கடைசிவரை தாங்கும் என்று பார்த்தவர்கள் எழுதினால் நிஜமாகவே உபயோகப்படும். முதலில் நான் எழுதுகிறேன்.

ஊத்தங்கரை பக்கம் ஒரு கிராமம். 2024 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி, புதுச்சேரிப் பக்கம் கரையேறிய ஃபெஞ்சல் புயல் வலு குறைந்து மேற்கே நகர்ந்து வந்து எங்கள் தலைமேல் கொட்டியது. திங்கட்கிழமை காலை வரைக்கும் ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. ஏரி நிரம்பி, ரோட்டோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை டிவியில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கிராமத்துக்குள் நடந்தது டிவியில் வரவில்லை. போஸ்ட் சாய்ந்து கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் டவர் பேட்டரியும் தீர்ந்து போன் செத்தது, மேல்நிலைத் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் காலையிலேயே காலி. அதோடு ஊரில் குடிதண்ணீர் முடிந்தது. காரணம் எளிது. எங்கள் பக்கம் இது முழுக்கப் பாறை, போர் 1000 அடிக்குக் கீழே போய்விட்டது, உள்ளே இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். அந்த ஆழத்துக்கு எந்தக் கைபம்பும் எட்டாது.

எங்கள் தெருக்கோடியில் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட ஒருவர் இருக்கிறார், இந்த மாதிரி நிலைமைக்கென்றே நாலைந்து வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தவர். நல்ல மனிதர், விவரமானவர். அவர் வீட்டில் அரிசி, பருப்பு, மருந்து, டார்ச், இன்வர்ட்டர் எல்லாம் முறையாக இருந்தது, அன்றைக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தார், ஒரு சர்க்கரை நோயாளிக்கு இன்சுலினை அவர் வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்தோம். ஆனால் வீட்டு இன்வர்ட்டர் லைட்டையும் ஃபேனையும் இழுக்கும், கூடுதலாக ஒரு சின்ன ஃபிரிட்ஜ். போரில் இருக்கும் 5 எச்.பி. மோட்டார் ஓடும்போதே நாலு கிலோவாட்டுக்குக் கிட்டே கேட்கும், ஸ்டார்ட் ஆகும்போது அதைப்போல பல மடங்கு இழுக்கும். ஆக எல்லாம் இருந்தும் குடத்தை எடுத்துக்கொண்டு அவரும் எங்களோடு பழைய சேந்து கிணற்றுக்குத்தான் வந்தார்.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாழடைந்து கிடந்தது, கருவேல முள் மூடியிருந்தது. முள்ளை வெட்டிப் பார்த்தால் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது, ஆனால் செம்மண் குழம்பு. ஒரு பாட்டி தேத்தாங்கொட்டை கொண்டுவந்து மண்பானையின் உள்பக்கத்தில் அழுத்தித் தேய்த்தார், வெள்ளையாக ஒரு பசை இறங்கியது, தண்ணீரை ஊற்றிக் கலக்கி மூடி வைத்தோம். ராத்திரி போய்ப் பார்த்தால் மண் முழுக்க அடியில் உட்கார்ந்துவிட்டது. இதைப் பார்த்துச் சிலர் அப்படியே மொண்டு குடிக்கப் போனார்கள். தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. வெள்ளம் புகுந்த கிணற்றில் சாக்கடையும் சேர்ந்திருக்கும், தளதளவென்று கொதித்தே ஆகவேண்டும். ஈர விறகில் ஒரு குண்டான் தண்ணீர் கொதிக்க வைப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெருவே தெரிந்துகொண்டது. பின்னால் பஞ்சாயத்திலிருந்து வந்து பிளீச்சிங் பவுடர் போட்டார்கள்.

இன்னொன்று. ஃப்ளோரைடு. நம் ரெண்டு மாவட்டத்துப் போர் தண்ணீரில் அது அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்காகத்தான் 2008-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஆரம்பித்து 2013-ல் தண்ணீர் விட்டார்கள். அந்தக் காவிரித் தண்ணீர் தானாக ஓடி வருவதில்லை, மேட்டுக்கு மோட்டார் வைத்து ஏற்றுகிறார்கள். கரண்ட் நீண்ட நாள் இல்லையென்றால் அதுவும் இல்லை, ஊர் மறுபடி போருக்கும் கிணற்றுக்கும் திரும்பும். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது, வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். ஒரு வாரம் பத்து நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது, வருஷக்கணக்கில் குடித்தால் குழந்தைகளின் பல்லில் பழுப்பு ஏறி, பெரியவர்களுக்கு முட்டியும் முதுகும் மடங்கும். அதனால் நீண்ட காலத்துக்கு யோசிக்கிறவர்கள் முதலில் மழைத் தண்ணீர் பிடிக்க ஒரு மூடிய தொட்டி கட்டுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

*

ஓசூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வெள்ளம் தெரியாது, கலவரம் தெரியும்.

2016 செப்டம்பர் 12. காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகளை எரித்த நாள். மத்தியானத்துக்கு மேல் பஸ் இல்லை, டி.என். நம்பர் வண்டி எதுவும் நகரவில்லை, 144 போட்டார்கள். நான் பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி வரை யாரோ ஏற்றிக்கொண்டதில் வந்து, அங்கிருந்து பார்டர் தாண்டி ஜுஜுவாடிக்கு நடந்தேன். என்னைப்போல் ஏகப்பட்ட பேர், கைக்குழந்தையோடு பெண்கள், கம்பெனி ஐடி கார்டைக் கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டவர்கள், தமிழில் போன் பேசப் பயந்து கட் செய்தவர்கள். அந்தச் சாலையில் யாருக்கும் கத்தியோ கூடாரமோ தேவைப்படவில்லை. தேய்ந்த செருப்பு போட்டிருந்தவர்கள்தான் திணறினார்கள், அப்புறம் தண்ணீர் பாட்டில் இல்லாதவர்கள். இந்தப் பக்கம் வந்ததும் போய் நிற்க ஒரு வீடு இருந்தவர்கள் மூச்சுவிட்டார்கள், இல்லாதவர்கள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தார்கள்.

என் அப்பா இதை 1991 டிசம்பரிலேயே பார்த்தவர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு கெஜட்டில் வந்ததும் வெடித்த கலவரம் அது. அப்பாவையும் அம்மாவையும் என்னையும் பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம் தங்கள் உள்ளறையில் வைத்து வெளியே பூட்டிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அப்புறம் ஒரு லாரியில் ஏறி இங்கே வந்து சேர்ந்தோம். அப்பா எடுத்துவந்த ஒரே பெட்டியில் ரேஷன் கார்டும், ஸ்கூல் சர்டிஃபிகேட்டும், சேலைக்குள் சுற்றிய கொஞ்சம் நகையும். இன்றைக்கும் எங்கள் வீட்டில் முக்கியமான பேப்பர்கள் ஒரே பையில்தான் இருக்கும், ஜிப் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள், ஜெராக்ஸ் ஒரு செட் ஊரில் சித்தப்பா வீட்டில்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 நவம்பர் 8-க்கு அப்புறம் 500, 1000 வைத்திருந்தவர்களால் பால் வாங்க முடியவில்லை, இப்போது டவர் போனால் போனில் இருக்கும் பணமும் அதே கதிதான். பத்து, இருபது, ஐம்பது நோட்டாகக் கொஞ்சம் வீட்டில் வையுங்கள். அதைவிடப் பெரிய சேமிப்பு, உங்கள் பெயரைக் கடன் நோட்டில் எழுதிக்கொள்ளச் சம்மதிக்கிற ஒரு மளிகைக் கடைக்காரர்.

*

பென்னாகரம் பக்கம். தண்ணீரைப் பற்றி அண்ணா எழுதிவிட்டார், நான் சோற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

அரிசி மூட்டை அடுக்கி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, ஏன் ராகி இல்லை? வண்டு சீக்கிரம் அண்டாத தானியம், உலர்த்தி வைத்தால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். 2023-லிருந்து ரேஷனிலேயே தருமபுரிக்கும் நீலகிரிக்கும் அரிசியில் 2 கிலோவைக் குறைத்துக் கேழ்வரகு தருகிறார்கள், அதை மாட்டுக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், பார்த்தால் வயிறு எரிகிறது. தானியமாகவே வையுங்கள், மாவாக வைக்காதீர்கள். கம்பு மாவு சில நாளிலேயே கசந்துவிடும், ராகி மாவும் ரொம்ப நாள் நிற்காது. துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்தால் அடுத்த வெள்ளாமை வரை புழு வராது.

என் பாட்டி வீட்டில் ராகிக் குழி இருந்தது. கரட்டு மண்ணில் பானை வடிவத்தில் தோண்டி, சுற்றிலும் ராகித்தாள் கொடுத்து, தானியம் கொட்டி, வாயைப் பலகைக் கல்லால் மூடி, மண் பூசிவிடுவார்கள். 1876-லிருந்து 78 வரை தாது வருஷப் பஞ்சம், அப்போது இது சேலம் ஜில்லா, அந்தப் பேச்சு பாட்டியின் பாட்டி வழியாக வந்தது, அதனால் குழியைக் காலியாக விடவே மாட்டார்கள். திறக்கிற அன்றைக்குக் காலையிலேயே கல்லைப் புரட்டிவிட்டு வெகுநேரம் சும்மா விடுவார்கள். அப்புறம் கயிற்றில் அரிக்கேன் விளக்கைக் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் ஒருத்தரும் இறங்கக்கூடாது, தானியம் மூச்சுவிட்டு உள்ளே இருந்த காற்றைக் கெடுத்திருக்கும், இறங்குகிறவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்கக் குதிக்கிறவரும் விழுவார். யாராவது இப்போது புதிதாகக் குழி தோண்டப் போகிறீர்கள் என்றால் இதை மனதில் வையுங்கள்.

மூட்டை இருந்து என்ன, மாவு மில் கரண்ட்டில்தானே ஓடுகிறது? 2012-ல் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாத சமயத்தில் எங்கள் ஊர் மில்லில் ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் வரிசை நிற்கும். எங்கள் வீட்டுக்கு ராகிக்கல் இருந்ததால் தப்பித்தோம். மேல்கல்லின் குழியில் ஒரு பிடி போட்டு, ரெண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மரப்பிடியைச் சுற்றினால் விளிம்பில் மாவு உதிரும். முதல் சுற்று நொய்யாகத்தான் வரும், சலித்து மறுபடி போட வேண்டும். கல் வழவழப்பாகிவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் அரையாது, உளி வைத்துக் கொத்தவேண்டும். கொத்துகிறவர் எங்கள் பக்கம் இப்போது வருவதே இல்லை. கல்லை வீட்டு வாசலில் செடித் தொட்டி வைக்கப் போட்டிருப்பவர்கள் எடுத்துக் கழுவி ஒருமுறை அரைத்துப் பாருங்கள்.

விதையும் அப்படித்தான். பாலக்கோடு பக்கம் தக்காளி முழுக்க ஹைப்ரிட், அதன் விதையை எடுத்துப் போட்டால் அதே காய் வராது. ராகி, சாமை, நாட்டு அவரை எடுத்து வைத்தால் அடுத்த போகத்துக்கும் வரும்.

*

நான் நீளமாக எழுதவில்லை. 2012 நவம்பர் 7 சாயங்காலம் நாய்க்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று தலித் காலனிகளையும் கும்பல் தீ வைத்து எரித்தது. என் உறவுக்காரர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களும் சேமித்து வைத்தவர்கள்தான். பெங்களூர், கோயம்புத்தூர் போய் உழைத்துக் கட்டிய வீடு, பீரோ, டி.வி., பிள்ளைகளின் மார்க் ஷீட். மாற்றுத் துணி இல்லாமல் காட்டில் ஒளிந்திருந்தார்கள். வந்தவர்கள் வெளியூர்க் கொள்ளைக்காரர்கள் மட்டும் இல்லை, முகம் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

இந்தப் பேச்சில் எல்லாரும் தெரு, ஊர், நாம் என்கிறீர்கள். ஊத்தங்கரை அண்ணாவிடம் ஒன்று கேட்கிறேன், அந்தச் சேந்து கிணற்றில் காலனிக்காரர்கள் கயிறு போட்டார்களா?

*

கேட்க வேண்டிய கேள்விதான், தம்பி. போட்டார்கள். ஆனால் முதல் நாள் அவர்கள் குடத்தோடு மேட்டிலேயே நின்றார்கள், யாராவது ஊற்றுவார்கள் என்று. ஒரு பெரியம்மா சத்தம் போட்டுக் கூப்பிட்ட பிறகுதான் கிட்டே வந்தார்கள். ரெண்டு பேர் முகம் சுளித்தார்கள், அந்தப் பெரியம்மா அவர்கள் கையிலிருந்து கயிற்றை வாங்கி காலனிப் பெண் கையில் கொடுத்தார். வெள்ளம் நெருக்கியதால் அன்றைக்கு அது நடந்தது. கரண்ட் வந்ததும் எல்லாரும் அவரவர் குழாய்க்குப் போய்விட்டார்கள், முள் மறுபடி வளர்ந்தது. நெருக்கடி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இதை விட முடியாது, சும்மா இருக்கும் நாளிலேயே அந்தக் கயிறு பொதுவாக இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

இப்போது நாங்கள் செய்வது இது. தண்ணீர் இறங்கும் சித்திரை, வைகாசியில் கிணற்றைத் தூர் வாருகிறோம், ரெண்டு தெருவிலிருந்தும் வீட்டுக்கு ஒரு ஆள். பெங்களூர்க்காரர் தன் செலவில் இரும்புச் சட்டமும் ரெண்டு உருளையும் போடுகிறேன் என்றிருக்கிறார், எந்த உருளைக்கும் தெருப் பெயர் கிடையாது என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டோம். வாய்க்கு வலை, சுற்றிலும் வெள்ளம் புகாத உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச நேரம் இறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நாறிவிடும். பென்னாகரம் தங்கச்சி, கல் கொத்துகிறவர் யாராவது உங்கள் பக்கம் தெரிந்தால் சொல்லுங்கள், எங்கள் ஊரில் மூன்று ராகிக்கல் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம், மூன்றும் வழவழவென்று இருக்கிறது.