பேச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லை, பிறகு காதில் எப்படிப் பிரிந்து விழுகிறது?

காலிகேசட்:
நேற்று என் குரலைப் பதிவு செய்து எடிட்டரில் திறந்து பார்த்தேன். சொன்னது மூன்றே சொல், "பக்கத்து வீட்டு அக்கா". அலைவடிவத்தில் நான்கு இடத்தில் கோடு சத்தமே இல்லாமல் தட்டையாகக் கிடந்தது. சரி, சொற்களுக்கு நடுவே விட்ட இடைவெளி போல என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கேட்டால், நான்குமே சொல்லுக்கு உள்ளே இருக்கின்றன: க்க, த்து, ட்டு, க்கா. "பக்கத்து" முடிந்து "வீட்டு" தொடங்கும் இடத்தில் மயிரிழை கூட இல்லை! ஆனால் கேட்கும்போது மூன்றும் தனித்தனியாகத்தான் கேட்கின்றன. தெரியாத மொழி மட்டும் ஏன் கடகடவென்று ஒரே இழுப்பாகப் போகிறது? அவர்கள் வேகமாகப் பேசுகிறார்களா, இல்லை என் காதுதான் சரியில்லையா?

ஒலிப்பெட்டி:
காது நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் தட்டைக் கோடு, நாக்கு அண்ணத்திலோ பல்லிலோ ஒட்டி மூச்சை அடைத்து வைத்திருக்கும் நேரம். அந்த மௌனமும் ஒலியில் சேர்த்திதான். "அக்கா"வின் நடுவிலிருக்கும் மௌனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வாருங்கள், ஒரு கட்டத்தில் இரட்டைக் ககரம் ஒற்றையாகிவிடும். ஆங்கிலத்தில் இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்று உண்டு: "ஸ்லிட்" என்ற பதிவில் ஸகரத்துக்குப் பின் சுமார் 0.1 நொடி மௌனத்தைச் செருகினால் "ஸ்ப்லிட்" என்று கேட்கும். பகரத்தை யாரும் உச்சரிக்கவே இல்லை.

மாடிப்படி:
நாம் புணர்ச்சி விதிப்படி சேர்த்துப் பேசுவதால் வருகிற சிக்கல் இது. ஆங்கிலத்தில் பிரித்துத்தான் பேசுகிறார்கள்.

நுனிச்செவி:
இல்லைங்க, எந்த மொழியிலும் பேச்சு ஒரே ஓட்டம்தான். ஆங்கிலத்தை இடம் விட்டு அச்சடித்துப் பார்த்துப் பழகியதால் அப்படித் தோன்றுகிறது. பள்ளியில் பொதுமொழி படித்தோமே, ஒரே சொல்லாக எடுத்தால் "தாமரை" பூ, தா மரை என்று பிரித்தால் தாவும் மான். சத்தம் ஒன்றுதான், எங்கே வெட்டுவது என்பதைக் கேட்பவர்தான் முடிவு செய்கிறார்.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குச் சொல் எதுவென்று தெரியாது. கீச்சென்ற ஒலிகளை அடிப்பக்கத்திலும் கனத்த ஒலிகளைச் சுருளின் உச்சியிலும் பிரித்து, அதிர்வை உணரும் சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள் வழியாக நரம்புக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. மற்றதெல்லாம் மூளையின் கைவண்ணம்.

அதற்கு அகராதி கூடத் தேவையில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1996-இல் சாஃப்ரன், ஆஸ்லின், நியூபோர்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் எட்டு மாதக் குழந்தைகளுக்கு "பிடாகுபடோடிகோலாபு" என்று இடைவெளியோ அழுத்தமோ இல்லாத பொருளற்ற அசைகளை வெறும் 2 நிமிடம் கேட்கவைத்தார்கள். "பி"க்குப் பின் எப்போதும் "டா" வருகிறது, ஆனால் "கு"வுக்குப் பின் எது வேண்டுமானாலும் வரலாம், ஆக அங்கேதான் சொல் முடிகிறது என்பதைக் குழந்தைகள் பிடித்துவிட்டன. தெரியாத மொழியில் உங்களிடம் இல்லாதது இந்தக் கணக்குதான், அவர்கள் வேகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒலிப்பெட்டி:
இதோடு வாரன் என்ற உளவியலாளர் 1970-இல் செய்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியத்தில் ஸகரம் ஒன்றை முழுதாக வெட்டி அங்கே இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர் எதுவும் விடுபடவில்லை என்றார்கள். மிச்சமிருந்த ஒருவர் தவறான இடத்தைக் காட்டினார்!

காலிகேசட்:
இப்போதுதான் செய்து பார்த்தேன். "நாளைக்குச் சீக்கிரம் வா" என்பதில் "சீ"யின் உஸ் சத்தத்தை மட்டும் நீக்கினேன். மௌனமாக விட்டால் ஓட்டை பளிச்சென்று தெரிகிறது. அதே இடத்தில் என் இருமலை ஒட்டினால், வெட்டியவன் நானே என்றாலும், "சீக்கிரம்" முழுசாகக் கேட்கிறது. ஆனால் இருமல் எந்த எழுத்தின் மேல் விழுகிறது என்று திரையைப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை.