போனஸ் கணக்கில் வராது: புளூ கார்டு வாங்கிய கதை

மேடவாக்கம் டெஸ்டர்:

ஜெர்மனி புளூ கார்டுக்கு (படித்தவர்கள் அங்கே தங்கி வேலை பார்க்கத் தரும் அனுமதி) என்ன தகுதி வேண்டும் என்று ஆபீசில் நாலு பேராவது கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங், சோழிங்கநல்லூரில் பதினோரு வருடம். (ஓஎம்ஆரில் பாதிப் பேர் இப்படித்தான்.)

முதலில் சம்பளம். 2025 அக்டோபரில் ஸ்டுட்கார்ட் கம்பெனி ஒன்றிலிருந்து ஆஃபர் வந்தது, வருடத்துக்கு மொத்தம் 47,000 யூரோ. புளூ கார்டுக்கு அந்த வருடத்தின் குறைந்தபட்ச சம்பளம் 48,300. ஆனால் ஐடி மாதிரி ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளுக்கு 43,759.80 இருந்தால் போதும், அங்கே உள்ள மத்திய வேலைவாய்ப்பு அமைப்பு ஒப்புதல் தர வேண்டும், அவ்வளவுதான். இரண்டு எண்ணையும் பார்த்தேன், அன்று ராத்திரியே வீட்டில் சொல்லிவிட்டேன், விடிவதற்குள் அம்மா மாடி வீடு வரை சொல்லிவிட்டார். மறுநாள் ஆஃபர் லெட்டரை ஒழுங்காகப் படித்தால் நிலையான சம்பளம் 42,500, மீதி 4,500 கம்பெனி லாபத்தைப் பொறுத்து வரும் போனஸ்! நமக்குத்தான் சிடிசி (கம்பெனிக்கு நம்மால் ஆகும் மொத்தச் செலவு) பார்த்தே பழகிவிட்டதே, பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னாலும் தலையாட்டிவிடுவோம். அங்கே ஒப்பந்தத்தில் உறுதியாக எழுதிய தொகை மட்டும்தான் கணக்கு. எனக்கு 1,259 யூரோ 80 சென்ட் குறைந்தது.

பயந்துகொண்டே எச்ஆருக்கு மெயில் போட்டேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவே இல்லை. போனஸை எடுத்துவிட்டு நிலையான சம்பளத்தை 46,500 ஆக்கிப் புது ஒப்பந்தம் அனுப்பினார்கள். 44,000 போதுமே என்று நான் நினைத்தேன், ஆனால் இந்தத் தொகை ஜனவரிக்கு ஜனவரி மாறும், 2026இல் 45,934.20. விசா தள்ளிப்போனாலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அவர்களே யோசித்துப் போட்டிருக்கிறார்கள்.

டிகிரி விஷயம்தான் என்னை அலைய வைத்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை ஜெர்மனி எப்படி மதிக்கிறது என்று பார்க்க அனபின் என்று ஒரு தளம் இருக்கிறது, அதில் ‘எச் பிளஸ்’ என்று இருந்தால் அங்கீகாரம் உண்டு. நான் முடித்தது 2011. அப்போது அண்ணா பல்கலைக்கழகத்தைப் பல துண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள், 2012இல் மறுபடி ஒன்றாக்கினார்கள். ஆக என் சான்றிதழில் இருப்பது இன்றைக்கு இல்லாத ஒரு கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகத்தின் பெயர். இதை யாரிடம் போய் விளக்குவது? தளத்தைத் தோண்டிக்கொண்டிருக்காமல் 208 யூரோ கட்டி, டிகிரியின் மதிப்பைச் சொல்லும் அதிகாரபூர்வச் சான்றுக்கே விண்ணப்பித்துவிட்டேன். ஆஃபர் வருவதற்கு முன்பே செய்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

அதற்கும் ஒரு தடங்கல். என்னிடம் இருந்தது புரொவிஷனல் என்கிற தற்காலிகச் சான்றிதழ் மட்டும். பட்டமளிப்பு விழா அன்று நான் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன், ஒரிஜினல் டிகிரி கல்லூரி பீரோவிலேயே பதினான்கு வருடம் தூங்கியிருக்கிறது. கோவைக்கு ராத்திரி பஸ் பிடித்து, கோரிக்கைக் கடிதம் எழுதிக் கொடுத்து, அபராதம் கட்டி வாங்கி வந்தேன். அப்புறம் இனிஷியல். சான்றிதழில் பெயருக்குப் பின்னால் வெறும் ‘எஸ்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி வைத்தேன். கேட்டார்களா என்றால் கேட்கவில்லை, ஆனால் அது கையில் இல்லாமல் விசா கவுன்டரில் உட்கார எனக்குத் தைரியம் கிடையாது.

தேசிய விசா கட்டணம் 75 யூரோ. தி. நகரில் ஒரு கன்சல்டன்சி இதே வேலைக்கு ஒன்றரை லட்சம் கேட்டது, கேட்டுவிட்டுக் கீழே வந்து காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்பத்தூர் அரியர்:

நண்பா, உன்னிடமாவது டிகிரி இருக்கிறது. எனக்கு பிசிஏவில் இரண்டு அரியர் இன்னும் பாக்கி, இனி எழுதப்போவதும் இல்லை. 2023 நவம்பரில் சட்டத்தை மாற்றியபோது ஐடிக்காரர்களுக்கு மட்டும் டிகிரி இல்லாமலே புளூ கார்டு என்று வழி விட்டார்கள்: கடைசி ஏழு வருடத்தில் குறைந்தது மூன்று வருடம், பட்டதாரி அளவுக்கான ஐடி வேலை அனுபவம், சம்பளம் அந்தக் குறைந்த எண்ணுக்கு மேல். நான் அதில்தான் போனேன். சிக்கல் ரிலீவிங் லெட்டர். நம்ம ஊர் கம்பெனிகள் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இருந்தார், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள் என்று மூன்று வரியில் முடித்துவிடும். என்ன வேலை செய்தேன் என்று அதில் ஒரு சொல் கிடையாது. ஒரு கம்பெனி மூடியே போய்விட்டது, பழைய மேனேஜர் தெய்வம் மாதிரி ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார், கூட பிஎஃப் பாஸ்புக்கும் ஃபார்ம் 16ம் வைத்தேன்.

பெரம்பூர்க்காரி:

ஆஃபரே கிடைக்காதவர்கள் கதையையும் கேளுங்கள். 2024 ஜூனில் வந்த ‘சான்சன்கார்ட்டே’யில் ஆறு புள்ளி எடுத்தால் அங்கே போய் வேலை தேட ஒரு வருடம் கொடுக்கிறார்கள். எனக்கு வயது 38, அதற்கு ஒன்று. கடைசி ஏழு வருடத்தில் ஐந்து வருட அனுபவம், மூன்று. மொழித் தேர்ச்சி நிலைகளில் ஆங்கிலம் சி1 (உயர்நிலை), அதற்கு ஒன்று, ஜெர்மன் ஏ2 (அடிப்படை), அதற்கு ஒன்று. மூச்சு முட்டி ஆறு. ஏ2 பரீட்சைக்காக காலை ஐந்து மணிக்கு எழுந்து படித்ததைப் பார்த்து என் பையன் ‘ஹோம்வொர்க் முடிஞ்சுதா’ என்று கேட்கிறான். புள்ளியைவிடப் பெரிய மலை பணம். மாதம் 1,091 யூரோ வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 13,092, முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும், நம் கணக்கில் 13 லட்சத்துக்கு மேல். வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம் என்கிறார்கள், இருந்தாலும் அடகில் இருக்கும் நகையை நினைத்தால் தூக்கம் வரவில்லை. டெஸ்டர் தம்பி, நோட்டீஸ் 90 நாளை எப்படிச் சமாளித்தீர்கள்?

மேடவாக்கம் டெஸ்டர்:

அக்கா, விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வரும் வரை இங்கே ராஜினாமாவே கொடுக்கவில்லை. சேரும் தேதியை நாலு மாதம் தள்ளி வைக்கச் சொல்லி ஸ்டுட்கார்ட்டில் முன்பே கேட்டு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட்டேன். இங்கே மேனேஜர் பத்து நாள் பேசவில்லை, பதினோராவது நாள் வந்து டிகிரி மதிப்புச் சான்றுக்கான லிங்க் அனுப்பு என்றார்.