ரைக்கர் 900க்கு ஸ்கிட் பிளேட் பூட்டின பிறகு சத்தம், ஆருக்கும் தெரியுமோ?

அண்ணாமார், தம்பிமார், கேன்-ஆம் ரைக்கர் (முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ஒண்டு எண்டு மூண்டு சில்லு மோட்டச்சைக்கிள்) வச்சிருக்கிற ஆக்கள் ஒருக்கா பாருங்கோ. என்ர வண்டி 2021 ரைக்கர் 900, இடம் ஸ்காபரோ. கோடையில அல்கொன்குவின் பார்க் பக்கம் கிரவல் ரோட்டில ஓடுறனான், முன் சில்லு ரெண்டும் எறியிற கல்லு நேர அடியிலதான் வந்து அடிக்குது, அதால வேற கொம்பனி அலுமினிய ஸ்கிட் பிளேட் (வண்டியின்ர அடியைக் காக்கிற தகடு) ஒண்டு வாங்கி மே மாசக் கடைசியில பூட்டினது.

அண்டையில இருந்து 80 கிலோமீற்றர் தாண்டினா தகரம் நடுங்கிற மாதிரி ஒரு சத்தம், ஸ்பீட் குறைச்சா நிக்குது. நியூட்ரல்ல வச்சு ரேஸ் பண்ணிப் பாத்தன் வரேல்ல, பிளேட்டைக் கழட்டினாலும் வரேல்ல, அப்ப எஞ்சின் இல்ல காத்துதான் எண்டு நினைக்கிறன்.

போல்ட் எல்லாத்தையும் இளக்கி, கையால பிடிக்க வச்சு, பிறகு டோர்க் ரெஞ்சால இறுக்கிப் பாத்தாச்சு. நீல லொக்டைட் (போல்ட் இளகாமப் பிடிக்கிற பசை), ரப்பர் வாஷர் எல்லாம் போட்டாச்சு. சைலன்சரில முட்டின அடையாளமும் இல்ல. ஒண்டு மட்டும் இடிக்குது: பின்பக்க வலது ஓட்டை 3 மில்லிமீற்றர் அளவு விலகி நிக்குது, நெம்பித்தான் போல்ட் போகுது, அதால பிளேட் எப்பவும் இழுபட்டபடிதான் நிக்குது. வித்த ஆக்களைக் கேட்டா அராவிப் போடச் சொல்லுகினம். அராவின பிறகு 401 ஹைவேயில போகேக்க அந்த போல்ட் இளகி பிளேட் தொங்கினா ஆளுக்கே ஆபத்து, அதுதான் கை வைக்கப் பயமா இருக்கு.

அந்த ஓட்டையை நீளமாக்கிப் பெரிய வாஷரோட இறுக்கிறதோ, இல்லாட்டி நாலு இடமும் ரப்பர் புஷ் வச்சுப் பூட்டிறதோ, செய்து பாத்த ஆக்கள் எதைச் சொல்லுறியள்?