1972 பே விண்டோ கேம்பரா, 1973-ஆ? முன்பக்கமும் பின்பக்கமும் ஒத்துப்போகல

கேள்வி: வெள்ளைக்கூரை

ஃபோக்ஸ்வேகன் டைப் 2 பே விண்டோ (முன் கண்ணாடி ஒரே வளைவா இருக்கிற வகை) கேம்பர், அதாவது உள்ளே தங்குற வசதி செஞ்ச வேன் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. பதிவுப் புத்தகத்துல 1973-ன்னு இருக்கு. ஆனா முன்பக்க இண்டிகேட்டர் ரெண்டும் கீழே, பம்பருக்குக் கொஞ்சம் மேலதான். பம்பர் முனை வளைஞ்சு வந்து கால் வைக்கிற படியா முடியுது. முகத்துல பெரிய சின்னம். பின்னாடி போனா, டெயில் லைட் உயரமான பெரிய வகை. பார்த்த ஒருத்தர், "அடிபட்ட வண்டி, பழைய மாடலோட முகத்தை வெட்டி ஒட்டியிருக்காங்க" என்கிறார்.

மத்த விவரம்: சேசிஸ் நம்பர் 2322-ல ஆரம்பிக்குது. எஞ்சின் 1600 சிசி, எஞ்சின் நம்பர்ல எழுத்து ஏடி (AD). எஞ்சினுக்குக் கீழே இருக்கிற பின் வேலன்ஸ் தகடு போல்ட்டுல கழற்றி மாட்டுற மாதிரி இருக்கு. ஸ்டெப்னி வீல் மத்த நாலோட சேரலை. உள்ளே இருக்கிற மரவேலை எல்லாம் வெஸ்ட்ஃபாலியா (வேன்களைக் கேம்பரா மாத்தின ஜெர்மன் கம்பெனி) ஒரிஜினல்னு சொல்றாங்க.

இது எந்த வருஷ வண்டி, எது அசல், எது பின்னாடி சேர்த்ததுன்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

பதில் 1: ஹானோவர்67

முகம் ஒட்டியதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் சொல்லும் சேர்க்கை தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்தது, ஒரே ஒரு மாடல் ஆண்டுக்கு மட்டும்: 1972.

அந்தக் காலத்தில் ஃபோக்ஸ்வேகனுக்கு மாடல் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. 1971 ஆகஸ்டில் பின்பக்கம் மாறியது: டெயில் லைட் உயரமானது, பின் மூலைகளில் எஞ்சினுக்குக் காற்று போகும் துளைகள் பெரிதாயின, 1700 எஞ்சினும் விருப்பத் தேர்வாக வந்தது. முன்பக்கத்தைத் தொடவில்லை. 1972 ஆகஸ்டில்தான் இண்டிகேட்டர் மேலே ஏறிக் காற்றுக் கிரில்லின் இரு பக்கமும் உட்கார்ந்தது, படி வைத்த பம்பர் போய்ச் சதுர பம்பர் வந்தது, சின்னம் சிறிதானது. இடைப்பட்ட அந்த 12 மாத வண்டிகளைத்தான் பலரும் "ஒட்டு வண்டி" என்று தவறாக ஒதுக்குகிறார்கள்.

உங்கள் சேசிஸ் நம்பரும் அதையே சொல்கிறது. 23 என்றால் கோம்பி (பக்க ஜன்னல் உள்ள வேன்) உடல், அடுத்த 2 மாடல் ஆண்டு 1972, அதற்கடுத்த 2 அந்தக் காலத்து எண் அமைப்பில் எல்லா டைப் 2 வண்டிக்கும் பொதுவானது. மீதி ஆறு இலக்கம் வரிசை எண். புத்தகத்தில் உள்ள 1973 பெரும்பாலும் முதல் பதிவு நடந்த ஆண்டாக இருக்கும். பதிவு ஆண்டை வைத்து உதிரிபாகம் வாங்கினால் இண்டிகேட்டர், பம்பர், முன் தகடு எதுவுமே பொருந்தாது.

ஆனாலும் நம்பரை மூன்று இடத்தில் சரிபாருங்கள்: அடையாளத் தகடு, எஞ்சின் அறைக்குள் வலது பக்கத் தகட்டில் குத்தியது, எம் தட்டு. எம் தட்டு என்பது வண்டியின் விவரங்களைக் குறியீடாகக் குத்திய சின்னத் தகடு, முன் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் இருக்கும். உங்கள் வண்டியில் அதன் முதல் வரி 22-ல் தொடங்கி அதே ஆறு இலக்கத்தோடு வர வேண்டும். இங்கே முதல் 2 ஆண்டு, இரண்டாவது 2 வண்டி வகை. கடைசி வரியில் தயாரித்த வாரமும் கிழமையும் இருக்கும். மூன்றில் மிக முக்கியமானது எஞ்சின் அறையில் உடலிலேயே குத்தியதுதான், ஏனென்றால் தட்டை ரிவெட்டைத் தட்டி எடுத்து வேறு வண்டியில் மாட்டிவிடலாம். குத்திய எண்களைச் சுற்றிக் கிரைண்டர் கோடோ, வெல்டிங் ஓரமோ, பட்டி மேடோ தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

முகம் மாற்றியதா என்ற சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. வண்டிக்கடியில் படுத்து முன் பம்பருக்குப் பின்னால் பாருங்கள். 1973 மாடல் உடலில் மோதலைத் தாங்க ஒரு குறுக்குப் பெட்டி இருக்கும், 1972-ல் இருக்காது. பழைய முகத்தைப் புது உடலில் ஒட்டியவர்கள் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியே ஆக வேண்டும், தடயம் இல்லாமல் போகாது. அடுத்து, கேபினுக்குள் முன் தகடு தரையோடு சேரும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். தொழிற்சாலை இணைப்பில் ஸ்பாட் வெல்டிங் குழிகள் சீரான இடைவெளியில், ஆழமில்லாமல் வரிசையாக இருக்கும். பிறகு மாற்றியதில் துளை போட்டு நிரப்பிய உருண்டைகளோ, இழுத்த வெல்டிங் கோடோ, அதை மறைக்கத் தடிமனாகப் பூசிய சீலரோ இருக்கும். துருவுக்காக முன் தகட்டின் கீழ்ப்பாதியை மட்டும் மாற்றுவது இந்த வயது வண்டியில் சகஜம், அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

பதில் 2: டார்ஷன்பார்

மேல சொன்னது சரி. வெல்டிங் பண்ணினதையும் குத்தினதையும் வச்சு வருஷத்தை முடிவு பண்ணுங்க. போல்ட்டுல மாட்டினது எதுவும் சாட்சி இல்லை, அது அசலா இல்லையான்னு மட்டும் அப்புறம் பாருங்க.

வீல்: 1970 மாடல் வரைக்கும் நாலு பக்கமும் டிரம் பிரேக், போல்ட் வட்டம் (போல்ட் துளைகளோட மையம் வழியா போற வட்டத்தோட விட்டம்) 205 மி.மீ. 1971 மாடல்ல முன்னாடி டிஸ்க் வந்தப்ப வட்டம் 112 மி.மீ. ஆச்சு, ரிம் 5½ அங்குல அகலம் 14 அங்குல விட்டம். அஞ்சு துளை இருக்கிறதால நேரா விட்டம் அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளோட மையத்துக்கு மையம் அளங்க: சுமார் 66 மி.மீ. வந்தா 112 வட்டம், சுமார் 120 வந்தா 205 வட்டம். ஸ்டெப்னி 120 காட்டினா அது அந்த வண்டிக்கு மாட்டவே மாட்டாது, ரோட்டுல நிக்கும்போதுதான் தெரியும். ரிம்ல தயாரிப்பாளர் பேரும் (லெம்மெர்ட்ஸ், குரோன்பிரின்ஸ்) மாசம், வருஷமும் குத்தியிருக்கும். கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுப் பாருங்க. வண்டி தயாரான தேதிக்குச் சில மாசம் முன்னாடி இருந்தா கூடவே பிறந்த வீல்.

எஞ்சின்: ஏடி எழுத்து 1972-க்குச் சரி. ஆனா அதே ஏடி பீட்டில்லயும் வந்தது, அதனால எழுத்தை மட்டும் நம்பாதீங்க. நம்பர் ஜெனரேட்டர் ஸ்டாண்டுக்குக் கீழே கிராங்க்கேஸ்ல இருக்கும். ஏடி-ன்னா டுவின் போர்ட்: ஒவ்வொரு சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்டேக் குழாய் ரெண்டாப் பிரிஞ்சு போகணும், கார்புரேட்டர் சோலெக்ஸ் 34 பிக்ட்-3. இதைவிட முக்கியமா, 1972-ல இருந்து எஞ்சினோட பின்முனையை ஒரு குறுக்குத் தாங்கி பிடிச்சிருக்கும். பீட்டில் எஞ்சினை வாங்கி மாட்டினவங்க சிலர் அந்தத் தாங்கியை விட்டுடறாங்க. அப்போ முழு எடையும் கியர்பாக்ஸ் மேல தொங்கி, மவுண்ட் ரப்பர் கிழியும், கேஸும் விரிசல் விடலாம். தாங்கி இல்லைன்னா எஞ்சின் அசல் இல்லைங்கிறது சின்ன விஷயம், வண்டியை ஓட்டாதீங்க.

வேலன்ஸ்: இதுதான் உங்க வண்டியில உண்மையா ஒத்துப்போகாத இடம். போல்ட்டுல கழற்றுறது 1971 மாடல் வரைக்கும்தான். 1972-ல வெல்டிங். எஞ்சினை வெளியே எடுக்க வசதியா யாரோ வெட்டி, பிளேட் வச்சு போல்ட் அடிச்சிருப்பாங்க. ரெண்டு ஓரத்துலயும் வெட்டின கோடு நேரா இருக்கான்னு பாருங்க. நல்லா செஞ்சிருந்தா அப்படியே விடலாம்.

மீட்டர்: விடிஓ கம்பெனி ஸ்பீடோமீட்டரைக் கழற்றினா மாசமும் வருஷமும் அச்சிட்டிருக்கும். தேதி வண்டியோட பொருந்தலைன்னா மீட்டர் மாறியிருக்கு, கிலோமீட்டர் கணக்கை மறந்துடுங்க.

பதில் 3: பாப்டாப்

உள்வேலைக்கு மட்டும் சொல்றேன். வெஸ்ட்ஃபாலியா கேம்பர்கள் கோம்பி உடல்ல செஞ்சவை, அதனால 23 நல்ல அறிகுறி. 21 இருந்தா அது பேனல் வேன், பின்னாடி ஜன்னல் வெட்டினது. ஆனா 23-ன்னதும் வெஸ்ட்ஃபாலியான்னு முடிவு பண்ணாதீங்க, சாதாரண கோம்பியும் 23-தான்.

மேலே தூக்கித் திறக்கிற கூரை இருந்தா, அதைத் தூக்கி, வெட்டின வாயோட விளிம்பைப் பாருங்க. ஒழுங்கா செஞ்ச கூரையில வெட்டினதைச் சுத்தி வலுவூட்டுற சட்டம் முழுசா இருக்கும். வெறும் தகட்டை மடிச்சு ரப்பர் மாட்டியிருந்தா பின்னாடி யாரோ செஞ்சது. அந்த வண்டியில தூண்களோட மேல்முனையில விரிசல் தேடுங்க. கூரை பக்கவாட்டுல கீல் போட்டுத் திறந்தா அது டோர்மொபைல் (கேம்பர் செஞ்ச பிரிட்டிஷ் பெயர்) வகைக் கூரை.

அலமாரிக்கு அடியில தரைவிரிப்பைத் தூக்குங்க. இப்ப இருக்கிற மரச்சாமானுக்குச் சம்பந்தமில்லாத ஸ்க்ரூ துளைகள் வரிசையா இருந்தா, முன்னாடி வேற செட் இருந்திருக்கு. துளையை அடைக்காம விட்டிருந்தா அதைச் சுத்தித்தான் துரு முதல்ல பிடிக்கும்.

வெள்ளைக்கூரை

பார்த்துட்டு வந்தேன். மூணு இடத்துலயும் நம்பர் ஒண்ணுதான். எம் தட்டுல வாரம் 47. முன் பம்பருக்குப் பின்னாடி குறுக்குப் பெட்டி இல்லை, குழிகள் சீரா இருக்கு. ஓடுற வீல் நாலும் 66, ஸ்டெப்னி 120. எஞ்சின் தாங்கி இருக்கு. கூரையில சட்டம் முழுசா இருக்கு. டெயில் லைட் லென்ஸ் ஒண்ணு உடைஞ்சிருக்கு, புதுசு வாங்கலாமா?

ஹானோவர்67

1972 மாடலில் 47-ஆம் வாரம் என்றால் 1971 நவம்பர். ஒட்டு இல்லாத வண்டி. உறுதிச் சான்று வேண்டுமென்றால், சேசிஸ் நம்பரை வைத்துப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்குமா என்று ஃபோக்ஸ்வேகனிடம் கேட்டுப் பாருங்கள்.

லென்ஸைப் புதிதாக வாங்கும் முன் மீதமிருக்கும் பக்கத்தைக் கழற்றி உள்விளிம்பைப் பாருங்கள். அசலில் தயாரிப்பாளர் பெயரும் ஒப்புதல் எண்ணும் வார்ப்பிலேயே இருக்கும். வட்டத்துக்குள் ஈ1 இருந்தால் ஜெர்மனியில் ஒப்புதல் பெற்றது. இப்போது வரும் நகல்களில் சிவப்பு சற்று வெளிறியிருக்கும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பகலிலேயே வித்தியாசம் தெரியும். பழைய அசல் கிடைக்கும்வரை நகலை இரண்டு பக்கமும் சேர்த்து மாட்டுங்கள், உடையாத அசல் லென்ஸைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். மாட்டும்போது அடி ரப்பரையும் புதிதாகப் போடுங்கள். பழையது இறுகிவிட்டால் தண்ணீர் உள்ளே போய் பல்ப் ஹோல்டரின் எர்த் துருப்பிடிக்கும், பிரேக் அழுத்தினால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரியும். ஸ்க்ரூவை அளவோடு முறுக்குங்கள், இந்த லென்ஸ்கள் பெரும்பாலும் ஸ்க்ரூ துளையிலிருந்துதான் விரிசல் விடுகின்றன.